கீழே இரண்டு அங்குலம்

படங்களுக்குச் சட்டம் போடுகிற கடைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. காலண்டர் படம் வந்தால் அதன் அடியில் ஜவுளிக்கடைப் பேரோ மளிகைக்கடைப் பேரோ, கூடவே போன் நம்பரும் அச்சடித்திருக்கும். முருகனையும் மகாலட்சுமியையும் கும்பிடப் போகிறவர்களுக்கு மளிகைக்கடையைச் சேர்த்துக் கும்பிட இஷ்டமிருக்காது. "அந்தப் பேர மட்டும் எடுத்துடுங்க" என்பார்கள். கொஞ்ச வருடத்தில் அவர்கள் சொல்வதும் நின்றது, நாங்கள் கேட்பதும் நின்றது. படம் மேஜைக்கு வந்ததும் அடியில் இரும்பு ஸ்கேலை வைத்து பிளேடால் ஒரு இழுப்பு. "கீழ ரெண்டு இஞ்ச் நம்மளுது மாப்ள" என்பார் மச்சான். கடை அவருடையது. என் மனைவிக்கு அண்ணன்.

கடை கடலூரில் இருந்தது, திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிற தூரம். இரண்டாயிரத்து நாலில் கல்யாணமாகி, அந்த வருடமே நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். ஒன்பதாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு மைத்துனன் கடை கிடைத்ததே பெரிசு என்று என் வீட்டிலும் சொன்னார்கள், அவர்கள் வீட்டிலும் சொன்னார்கள். நான் பயந்த சுபாவம். ஒருவர் வீட்டுச் சுவரில் படம் மாட்டிவிட்டு வந்தால், ஆணி தாங்குமா, கண்ணாடி விழுந்து குழந்தை காலைக் கிழிக்குமா என்று அன்று முழுக்க ஓடும். மறுநாள் அந்தத் தெருப் பக்கம் சைக்கிளில் போய், வாசலில் கூட்டம் எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு வருவேன். மச்சானிடம் இதையெல்லாம் சொல்வதில்லை. சொன்னால் வருகிறவர் போகிறவரிடம் சொல்லிச் சிரிப்பார்.

இரண்டாயிரத்து எட்டு என்று நினைவு. சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். சொந்த ஊர் சிதம்பரம். பழைய படங்கள் சேர்க்கிறவர். ஓவியங்களும் சேர்ப்பார், சுவரொட்டிகளும் சேர்ப்பார். சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தை மூன்று நாள் எடுத்து எல்லாவற்றையும் மாட்டிக் காட்டப் போவதாகச் சொன்னார். வேனிலிருந்து நாற்பது படத்துக்கு மேல் இறங்கியது, பெட்ஷீட்டில் சுற்றி. இறக்கி வைத்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "ஒண்ணையும் வெட்டக் கூடாது. படத்தோட அளவுக்குச் சட்டம். சட்டத்தோட அளவுக்குப் படம் இல்ல." மச்சான் தலையாட்டினார். அவர் போன பிறகு, "பெரிய இவரு" என்றார்.

அந்த மூன்று வாரம் நான் பார்த்த படங்களை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. வெள்ளைக்காரன் சண்டைக் காலத்தில் ஒட்டிய தாள்கள் இருந்தன. ஒன்றில் டீக்கடையில் உட்கார்ந்து ஒருவன் வாயைத் திறந்து பேசுகிறான், அவன் பேசுகிற பேச்சு அப்படியே புகையாகப் போய்க் கடலில் ஒரு கப்பலைக் கவிழ்க்கிறது. அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் நான் யாரிடமும் அதிகமாகப் பேசவில்லை. அம்மை ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லும் தாள், சிறுசேமிப்புத் தாள், ருஷ்யாவிலிருந்து வந்த சிவப்புத் தாள்கள். ருஷ்யாக்காரி ஒருத்தி தலையில் துணி கட்டிக்கொண்டு டிராக்டர் ஓட்டினாள்.

"நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு அடிக்கப் போறா போலக்குது" என்றார் மச்சான்.

"இவ சிரிக்கிறாளே மச்சான். நம்ம ஆளுங்க ஆலை வாசல்ல வண்டிய நிறுத்திட்டு சிரிச்சி நீ பாத்திருக்கியா?"

"கவர்மெண்டு படத்துல எவன்டா அழுதிருக்கான்."

குடும்பக் கட்டுப்பாட்டுத் தாளும் ஒன்று வந்தது. சிவப்பு முக்கோணம், அப்பா அம்மா, இரண்டே பிள்ளைகள். மச்சானுக்கு நாலு. அந்தத் தாளுக்கு மட்டும் சட்டம் போடும் வேலையை அவர் என் தலையில் கட்டினார். அவர் மனைவி சாப்பாடு கொண்டுவந்தபோது அதைப் பார்த்துவிட்டு, "இத அன்னைக்கே ஒட்டியிருந்தா நல்லாருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஓவியங்கள் வேறு ஜாதி. மாடர்ன் ஆர்ட் என்றார் சென்னைக்காரர். மூஞ்சி இருக்க வேண்டிய இடத்தில் கோடு இருந்தது, உடம்பு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் காவி. எந்தப் பக்கம் மேல் என்று ஒவ்வொன்றின் பின்னாலும் அவரே அம்புக்குறி போட்டு அனுப்பியிருந்தார். "அவருக்கே டவுட்டு பாரு" என்றார் மச்சான். நானும் முதலில் சிரித்தேன். ஆனால் ஒரே படத்தை நாள் கணக்கில் மேஜை மேல் வைத்து வேலை பார்த்தால் சிரிப்பு தானாக அடங்கிவிடும்.

கடைசி வாரத்தில் ஒரு டீச்சர் வந்தார். சிதம்பரத்தில் பள்ளிக்கூடம், வயது நாற்பதுக்கு மேல் இருக்கும். தன் படமும் கண்காட்சியில் இருக்கப் போகிறது என்றும், சென்னைக்காரரிடம் கொடுக்க மனசில்லாமல் தானே பஸ்ஸில் கொண்டுவந்ததாகவும் சொன்னார். செய்தித்தாளில் சுருட்டி, கிழிந்த புடவை பார்டரால் கட்டியிருந்தார்.

"அம்மா வரஞ்சது. அவுங்க போயி ரெண்டு வருஷமாச்சி. பாத்துப் பண்ணுங்க" என்றார்.

"கவலைப்படாதீங்க டீச்சர்" என்றேன். எல்லாவற்றுக்கும் கவலைப்படுகிற நான் அதைச் சொன்னேன்.

ரேஷன் கடை வரிசை. அதுதான் படம். பத்துப் பன்னிரண்டு பெண்கள் நெருக்கி நின்று, உடம்பெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஒரு கறுத்த சுவர் மாதிரி ஆகிவிட்டிருக்கும். முகம் எதுவும் கிடையாது. பையைப் பிடித்த கைகள் மட்டும் தனித்தனியாகத் தெரியும். அடியில் இரண்டு அங்குலத்துக்கு வெறும் காவி, அதில் ஒரு ஓரமாக எழுத்து.

பதினாறுக்கு இருபது சட்டம் ஒன்று கடையில் மீந்து கிடந்தது. படம் அதைவிடக் கொஞ்சம் நீளம். சென்னைக்காரர் வெட்டக் கூடாது என்றது அவர் படங்களை. இது கையில் வந்த படம், இதற்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. இப்படியெல்லாம் யோசித்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. ஸ்கேலை வைத்தேன், இழுத்தேன். அடியில் எழுத்து இருந்தால் அது வெட்ட வேண்டியது என்பதுதான் என் கைக்குத் தெரிந்தது. அந்தத் துண்டு மேஜைக்குக் கீழே கூடையில் விழுந்தது.

கண்ணாடி போட்டுத் துடைக்கும்போதுதான் படத்தைப் பார்த்தேன். பை பிடித்த கைகளில் கட்டைவிரல் வெளிப்பக்கமாக வளைந்து, நகம் சதுரமாக இருந்தது. இந்த விரலை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று அரித்தது. எழுந்து போய், சுவரில் சாய்த்து வைத்திருந்த படங்களைப் புரட்டினேன். பஞ்ச காலத்தில் அரிசியை மிச்சம் பிடிக்கச் சொல்லி அரசாங்கம் போட்ட தாள் ஒன்று. ஒரு பெண்ணின் கை, ஒரு பிடி அரிசியைத் திரும்பப் பானையிலேயே போடுகிறது. அதே கட்டைவிரல், அதே சதுர நகம்.

"மச்சான், இதையும் அதையும் ஒரே ஆளுதான் போட்டிருக்கணும்."

"ஊர்ல எல்லாத்துக்கும் கட்டவிரல் ஒண்ணுதான்டா. டேப்ப ஒட்டு."

கண்காட்சிக்கு முதல் நாள் மதியம் மண்டபத்தில் படங்களை மாட்டிக்கொண்டிருந்தோம். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று மண்டபத்துக்காரர் சொன்னதால் பந்தல் கம்பு கட்டி, கயிற்றில் தொங்கவிட்டோம். கயிறு அவிழுமோ என்று ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துக்கொண்டு வந்தேன். டீச்சர் பள்ளிக்கூடத்தில் அரை நாள் லீவு போட்டு வந்திருந்தார். அம்மாவின் படத்துக்கு எதிரே போய் நின்றவர் அப்படியே நின்றார். படத்தின் கீழே சென்னைக்காரர் ஒரு அட்டை வைத்திருந்தார். அதில் பெரிய ஓவியர் ஒருவரின் பேர் இருந்தது. அவர் ஆண், செத்துப்போனவர், பேப்பரில் படம் வருகிறவர். பேருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ஒரு கேள்விக்குறி.

"சார், இது எங்கம்மா வரஞ்சதுன்னு சொன்னேனே" என்றார் டீச்சர்.

"சொன்னீங்கம்மா. இல்லைங்கல. உங்க அம்மாவும் அவரும் மெட்ராஸ்ல ஒரே காலேஜ், ஒரே பேட்ச். இந்தக் கோடு, இந்தக் கலரு எல்லாம் அவரோட ஆரம்பகால வேலை மாதிரியே இருக்கு. ஒரு வேளை கூடப் படிச்சவங்கன்னு பரிசா குடுத்திருக்கலாம்."

"கீழ பேர் போட்டிருக்காங்க சார். தமிழ்ல. அவுங்க பேரு, பக்கத்துல வருஷம்."

சென்னைக்காரர் குனிந்து பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டும் பார்த்தார். "காணமேம்மா."

"சட்டத்துக்கு அடில மறைஞ்சிருக்கும்."

என்னைக் கூப்பிட்டார்கள். கழற்றச் சொன்னார்கள். டேப்பைக் கிழித்து, ஆணிகளைக் குறட்டால் பிடுங்கி, ஹார்டுபோர்டை எடுத்தேன். என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு ஆணி கீழே விழுந்து உருண்டு போனது, அதைத் தேடுகிற சாக்கில் கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தேன். நிமிர்ந்தபோது டீச்சர் படத்தின் அடி ஓரத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார். பிளேடு போன நேர்கோடு.

"வெட்டியிருக்கு" என்றார்.

மச்சான் முந்திக்கொண்டார். "நாங்க எதையும் வெட்டுறதில்ல சார். நீங்களே சொல்லிட்டுத்தான போனீங்க. இது வந்தபடியேதான் இருக்கு."

டீச்சர் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "நீங்கதான கையில வாங்குனீங்க. பேர் இருந்துச்சா இல்லியா?"

பயம் வந்தால் எனக்கு முதலில் நாக்குதான் ஒட்டிக்கொள்ளும். வேலை போகும், மனைவி அண்ணன் முகத்தில் எப்படி முழிப்பாள், சென்னைக்காரர் போலீசுக்குப் போவாரா, படத்துக்கு லட்சக்கணக்கில் கேட்பார்களா என்று எல்லாம் ஒரே நேரத்தில் ஓடியது.

"கவனிக்கலீங்க டீச்சர்" என்றேன்.

அவர் சென்னைக்காரர் பக்கம் திரும்பி மெதுவாகத்தான் பேசினார். "கல்யாணத்துக்கு முன்னாடி அவுங்க கவர்மெண்டு ஆபீஸ்ல விளம்பரத் தாள் வரஞ்சாங்க. அதுல யாரும் பேர் போடக் கூடாது. கல்யாணத்துக்கு அப்புறம் வரையவே இல்ல. வரஞ்சி வச்சிருந்ததெல்லாம் பரண்ல பாத்திரத்துக்கு அடில விரிச்சாச்சி. இது ஒண்ணுதான் மிச்சம். அவுங்க பேர அவுங்களே எழுதி வச்ச ஒரே எடம் அது சார்."

"எனக்குப் புரியுதும்மா. ஆனா ஆதாரம்னு ஒண்ணு வேணும் இல்லையா" என்றார் அவர். அதற்குள் யாரோ ஜெனரேட்டர் விஷயமாக அவரைக் கூப்பிட்டார்கள்.

அட்டை மாறவில்லை. மூன்று நாளும் அந்தப் படத்துக்கு எதிரேதான் கூட்டம் ஜாஸ்தி. எல்லோரும் அட்டையைப் படித்துவிட்டுப் பிறகு படத்தைப் பார்த்தார்கள். காலேஜ் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடந்த சென்னைக்காரர், அட்டையில் பேர் இருந்த பெரியவர் எப்போதும் இங்கிலீஷில்தான் கையெழுத்துப் போடுவார், இதில் அது இல்லாததால்தான் கேள்விக்குறி வைத்திருக்கிறேன் என்று விளக்கினார். நான் கயிற்றைச் சரிபார்க்கிற மாதிரி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது வேனில் மச்சான் சொன்னார்: "வாயத் தொறந்த, ரெண்டு பேரும் சேந்து தெருவுல நிப்போம்." பிறகு கொஞ்சம் இறங்கி, "ஒரு பேருதான மாப்ள. படம் முழுசா இருக்குதுல்ல" என்றார்.

அந்தத் துண்டைத் தேட ஆரம்பித்தேன். கூடையில் விழுகிற துண்டுகளை நாங்கள் வீணாக்குவதில்லை. கண்ணாடிக்கும் ஹார்டுபோர்டுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் படம் ஆடும், அதற்குத் துண்டுகளை மடித்து உள்ளே கொடுப்போம். அந்த வாரத்தில்தான் நெல்லிக்குப்பத்தில் ஒரு கல்யாணத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் கொடுக்கவென்று சின்னச் சின்ன லட்சுமி படம் ஒரு மூட்டை போட்டுக் கொடுத்திருந்தோம். துண்டு அதில் ஒன்றின் முதுகில்தான் இருக்க வேண்டும். கல்யாண வீட்டில் கேட்டு, கல்யாணத்துக்கு வந்தவர்களின் தெருக்களை எழுதிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் வேறு காரணம் சொல்லிவிட்டு, குறடும் டேப்புமாக நெல்லிக்குப்பத்துக்குப் பஸ் ஏறினேன்.

முதல் ஏழெட்டு வீட்டில் பிரச்சனை இல்லை. பின்னால் ஒரு ஆணி துருத்திக்கொண்டிருக்கிறது, சரி பண்ணித் தருகிறேன் என்றேன். கழற்றினேன். ஜவுளிக்கடைப் பேர் இருந்தது, பாத்திரக்கடைப் பேர் இருந்தது, நான் எப்போதோ வெட்டிய பஞ்சாங்கத்தின் அடிப்பாகம் இருந்தது. ஊரில் எவ்வளவு பேரை வெட்டி எவ்வளவு சாமி முதுகில் சொருகியிருக்கிறேன் என்பதை அப்போதுதான் பார்த்தேன்.

ஆலைத் தொழிலாளி ஒருவர் வீட்டில் அவர் மனைவி நான் கழற்றுவதைப் பக்கத்திலேயே நின்று பார்த்தாள்.

"ஆணின்னு சொன்ன. உள்ளார கைய உட்டு என்னாத்தத் தேடுற?"

"ஒரு காயிதம் தப்பா வச்சிட்டோம்மா. அதான்."

"சாமிக்குப் பின்னாடி எதுக்குக் காயிதம் வக்கிற? என்னா எழுதியிருக்குது அதுல?"

பொய் சொல்லத் தெரியாதவன் பொய் சொன்னால் இப்படித்தான் ஆகும். "ஒரு பேரு" என்றேன்.

அவள் முகம் மாறிவிட்டது. "யார் பேரு? எங்க வூட்டுக்காரு பேரா?" உள்ளே திரும்பி, "ஏங்க, இங்க வாங்க, படத்துக்குப் பின்னாடி பேர் எழுதி வச்சிருக்கானாம்" என்றாள்.

அதோடு முடிந்தது. கடலூர்க் கடையில் சாமி படத்துக்குப் பின்னால் பேர் எழுதிச் செய்வினை வைத்து விற்கிறார்கள் என்று அந்தத் தெருவில் கிளம்பியது, அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் கடைக்கு வந்து சேர்ந்தது. நாலைந்து பேர் படங்களைத் தூக்கிக்கொண்டு வந்து, மச்சானை எல்லாவற்றையும் கண் முன்னே பிரிக்கச் சொன்னார்கள். அவர் பிரித்தார். ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு பேர் இருந்தது. ஜவுளிக்கடைப் பேர்தான் என்று படித்துக் காட்டினால், "அந்தாளுக்கும் சேத்து வச்சிருக்கீங்களா" என்றான் ஒருவன். துண்டு அவற்றிலும் இல்லை. அந்த நேரத்திலும் நான் அதைத்தான் பார்த்தேன்.

கூட்டம் போன பிறகு மச்சான் சத்தம் போடவில்லை. "உன்ன வச்சி நான் தொழில் பண்ண முடியாது மாப்ள" என்றார். என் மனைவி அண்ணன் பக்கமும் பேசவில்லை, என் பக்கமும் பேசவில்லை. சோற்றைப் போட்டுவிட்டு, "அந்த டீச்சர்கிட்ட அன்னைக்கே சொல்லியிருந்தா ஒரே ஒரு எடத்துல அவமானப்பட்டிருப்ப" என்றாள்.

சிதம்பரத்தில் ஒரு பிளெக்ஸ் கடையில் வேலை கிடைத்தது. மஞ்சள் நீராட்டுக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் பேனர் அடிக்கிற கடை. அங்கே பேர் போடுவதுதான் தொழிலே. சித்தப்பா பேர் விட்டுப்போனது, மாமா பேர் சின்னதாக இருக்கிறது என்று சண்டைக்கு வருவார்கள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடத்துக்கு மேல், டீச்சர் வீட்டுக்குப் போகிற தெருவைத் தவிர்த்து வேறு தெருவில் சுற்றிப் போய்க்கொண்டிருந்தேன். போவதற்கு இனி என்ன பயம், வேலைதான் போய்விட்டதே என்று தோன்றிய பிறகுதான் போனேன். தைரியம் என்று அதற்குப் பேர் வைக்க முடியாது.

டீச்சர் கதவைத் திறந்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். உட்காரச் சொன்னார். நான் உட்காராமலே சொன்னேன். நான்தான் வெட்டினேன், எழுத்து இருந்தது, பழக்க தோஷம், நெல்லிக்குப்பம் வரைக்கும் தேடினேன். அவர் கடைசி வரை கேட்டார். பிறகு உள்ளே போய் நாலைந்து முழு வெள்ளைத் தாளும் பேனாவும் கொண்டுவந்து வைத்தார்.

"எழுதிக் குடுங்க. அந்த மெட்ராஸ்காரரு இதெல்லாம் ஒரு புத்தகமாப் போடப் போறாரு. அதுக்குள்ள போயிச் சேரணும். வெட்டுறதுக்கு முன்னாடி பேரப் படிச்சேன், அது எங்கம்மா பேருதான்னு எழுதுங்க."

பேனாவை எடுத்தேன். "அம்மா பேரு என்னாங்க டீச்சர்?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று புரிந்தது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"படிக்கல" என்றார்.

"படிக்கல டீச்சர். எழுத்து இருந்திச்சி, பாத்தேன். தமிழ் எழுத்து. ரெண்டு வார்த்த மாதிரி, பக்கத்துல நம்பரு. படிக்கல. நாங்க அடில இருக்கறதப் படிக்கிறதில்ல."

அவர் பேரைச் சொன்னார். எழுத்துக் கூட்டியும் சொன்னார். நான் எழுதவில்லை. படிக்காததைப் படித்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் நாளைக்குக் கூப்பிட்டு விசாரிப்பார்களே, குறுக்குக் கேள்வி கேட்பார்களே, மாட்டிக்கொள்வேனே என்றுதான் நினைத்தேன். நேர்மை என்றெல்லாம் இல்லை.

"பாத்தத மட்டும் எழுதறேன் டீச்சர்."

"அன்னைக்கு மண்டபத்துல பொய் சொல்ல வந்துச்சி இல்ல? இன்னைக்கு ஏன் வரல?"

மூன்று தாள் வீணாக்கி நாலாவது தாளில் எழுதினேன். தமிழில் எழுத்து இருந்தது, நான் படிக்கவில்லை, நான்தான் வெட்டினேன். கடைசியில் கட்டைவிரலைப் பற்றியும் எழுதினேன், அரிசிப் பானைத் தாளில் இருக்கிற கையும் இந்தக் கையும் ஒன்று என்று. டீச்சர் அதைப் படித்துவிட்டு எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். "அந்தத் தாளும் அவுங்க போட்டதுதான். நான் சின்னப் பிள்ளையா இருக்கும்போது காட்டியிருக்காங்க" என்றார். "யாரும் சொல்லாமலே நீங்க கண்டுபுடிச்சிருக்கீங்க." ஒரு நொடி என்னை மன்னித்துவிடுவார் போலத் தெரிந்தது. பிறகு தாளை மடித்து உறையில் போட்டு, "சரி, கெளம்புங்க" என்றார்.

பத்து நாள் கழித்துச் சென்னைக்காரர் போன் பண்ணினார். திட்டப் போகிறார் என்று கடைக்கு வெளியே ஓடிப்போய்ப் பேசினேன். திட்டவில்லை.

"என்ன பேருன்னு படிக்கலையா நீங்க?"

"இல்ல சார். ஆனா தமிழ் எழுத்துதான் சார். பெரியவரு இங்கிலீஷ்லதான் போடுவாருன்னு நீங்கதான மண்டபத்துல சொன்னீங்க."

"அந்தக் கட்டைவிரல் விஷயத்த இன்னொரு தடவ சொல்லுங்க" என்றார். சொன்னேன். நகம் சதுரமாக இருப்பது, வெளியே வளைவது, எல்லாம். எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது. "நல்லாப் பாக்குறீங்க" என்று சொல்லிவிட்டு வைத்தார். அந்தச் சந்தோஷத்தில் அன்றைக்கு ஒரு பேனரில் எழுத்துப் பிழை விட்டேன்.

கடலூர்ப் பக்கம் புயல் அடித்து ஓய்ந்து சில மாதங்களுக்குப் பிறகு, இரண்டாயிரத்துப் பன்னிரண்டில், டீச்சர் பிளெக்ஸ் கடைக்கு வந்தார். கடையில் கூட்டம். கைப்பையிலிருந்து ஒரு பெரிய புத்தகத்தை எடுத்து, காகிதத் துண்டு வைத்திருந்த பக்கத்தைத் திறந்து கவுண்டர் மேல் வைத்தார். வழவழப்பான தாள். இடது பக்கம் அரிசிப் பானைச் சுவரொட்டி, வலது பக்கம் ரேஷன் வரிசை. பெரியவரின் பேர் இல்லை. கேள்விக்குறியும் இல்லை. இரண்டு படத்தின் அடியிலும் ஓவியர் பெயர் தெரியவில்லை என்று போட்டிருந்தது.

"கீழப் படிங்க" என்றார் டீச்சர்.

படித்தேன். இரண்டு படத்திலும் கட்டைவிரலின் வளைவையும் நகத்தின் சதுரத்தையும் கூர்ந்து ஒப்பிட்டதில், இவை இரண்டும் பெயர் தெரியாத ஒரே கலைஞரின் கை என்ற முடிவுக்குத் தான் வந்ததாகச் சென்னைக்காரர் எழுதியிருந்தார். அழகாக எழுதியிருந்தார். நான் போனில் சொன்னதைவிட எவ்வளவோ மேல். ஓவியத்தின் கையெழுத்து உள்ளூர்ச் சட்டகக் கடையில் அறியாமையால் வெட்டப்பட்டது என்று ஒரு வரியும் இருந்தது.

"உங்க வேலையும் வந்திருக்குது பாத்தீங்களா" என்றார் டீச்சர்.

"டீச்சர், நான் வேணும்னா இப்ப எழுதித் தர்றேன். பேரப் படிச்சேன்னே எழுதறேன். கையெழுத்துப் போடறேன்."

"அச்சாயிடுச்சி." புத்தகத்தை மூடினார். "அந்தப் பெரியவரு பேர் இருந்தப்ப எனக்குச் சண்ட போட ஒரு ஆளு இருந்தான். எங்கம்மா படத்துல இன்னொருத்தன் பேரப் போட்டுட்டாங்கன்னு யார்கிட்டயும் போயிச் சொல்லலாம், கேக்கறவங்களுக்கும் புரியும். இப்ப அதுவும் இல்ல. தெரியலன்னு போட்டுட்டாங்க. தெரியலங்கறவன்கிட்ட நான் என்னான்னு சண்ட போடுவேன்?"

பக்கத்தில் காதுகுத்து பேனருக்கு வந்திருந்தவர், தாய்மாமன் பேரை இன்னும் கொஞ்சம் பெரிசாகப் போட முடியுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். டீச்சர் அவருக்கு வழிவிட்டு ஒதுங்கி, புத்தகத்தைப் பைக்குள் தள்ளி ஜிப்பை இழுத்தார். அது பாதியில் மாட்டிக்கொண்டது. அப்படியே அணைத்துப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

என்னோடு சண்ட போடுங்க டீச்சர், வெட்டினவன் நான்தானே என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். அவர் தெரு திரும்பிய பிறகுதான் அது என் நாக்குக்கு வந்தது.